எல்லாக் கணினிக்கும் பெயர் காமாட்சி

1. தறி நின்றது

அமாவாசைக்கு மறுநாள் காலை. நான் இன்னும் டிபன் பாக்ஸைக்கூட மேஜையில் வைக்கவில்லை, அதற்குள் ஏகாம்பரம் மாஸ்டர் வந்து நின்றுவிட்டார். மாஸ்டர், நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பட்டு நெசவாளர் சங்கத்தின் டிசைனர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் கையை நீட்டினார். அந்தக் கையில் மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பென் டிரைவ் இருந்தது.

"எஸ்தர் மா, இதுல இருந்தத காணோம்மா. காத்தால சொருகினா பெட்டி ஒண்ணியும் இல்லன்னு காட்டுது. வூட்ல தறி நின்னுக்கினு இருக்குது."

பெட்டி என்று அவர் சொன்னது தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டை. முன்பெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகள் செய்த வேலையை இப்போது அது செய்கிறது. டிசைன் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுச் சொருகினால், எந்த இழை எப்போது மேலே ஏற வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர்த் தறிகளில் இருந்தவை பழைய பெட்டிகள். பென் டிரைவை உருவிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"எந்த டிசைன் மாஸ்டர்?"

"சிவகாமி பொடவைம்மா."

சிவகாமி அவருடைய ஒரே மகள். கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஊரில் உள்ள அத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் டிசைன் வரைந்தவர், தன் மகளுக்கென்று ஒன்றைத் தனியாக, தன் சொந்த நேரத்தில், ஒரு வருஷமாக வரைந்துகொண்டிருந்தார். வீட்டுத் தறியில் அவர் மனைவி சரோஜா அதை நெய்துகொண்டிருந்தார். உடல் முடிந்துவிட்டது. இனி முந்திதான். அந்த முந்திக்குத்தான் அத்தனை வேலைப்பாடும்.

"வேற எங்க காப்பி வெச்சிருக்கீங்க?"

"எங்கியும் இல்லம்மா."

"மாஸ்டர்! நான் எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், பேக்கப் பேக்கப்னு?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சா சங்கத்து டிசைன் ஆயிடும்மா. அடுத்த மாசமே பத்து கலர்ல ஷோரூம்ல தொங்கும். எம்பொண்ணு கட்டுறத வேற யாரும் கட்டக் கூடாதுன்னுதான்..."

சங்கத்தைப் பற்றி அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும்.

"இன்னா ஆச்சு?" என்றது சரோஜாவின் குரல். "கெடச்சுதா இல்லியா? முந்தி இல்லாத பொடவையா கட்டி பொண்ண அனுப்பப் போற? சம்மந்தி வூட்ல கேட்டா பெட்டி மறந்துடுச்சுன்னு சொல்வியா?"

மாஸ்டர் போனை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. எதிரில் யாராவது அழுதால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். "அழுதா ஃபைல் வருமா? இப்படி உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, சர்வரில் ஆன்ட்டிவைரஸ் கன்சோலைத் திறந்தேன்.

அதில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. முந்தின நாள் காலை, ஒரு பென் டிரைவில் இருந்த ஃபைலில் வைரஸ் ஒட்டியிருந்ததால், அந்த ஃபைலைப் பிடித்துக் குவாரன்டைனில் அடைத்ததாகச் சொன்னது. ஃபைல் பெயர் சிவகாமி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். குவாரன்டைன் என்பது லாக்கப் மாதிரி. ஃபைல் செத்துப் போகவில்லை, உள்ளே இருக்கிறது. ஜாமீனில் எடுத்துவிடலாம்.

எந்தக் கணினியின் லாக்கப்பில் என்று பார்த்தேன். 'காமாட்சி' என்று போட்டிருந்தது.

அங்கேதான் வந்தது சிக்கல். ஏனென்றால் எங்கள் சங்கத்தில் எல்லாக் கணினிக்கும் பெயர் காமாட்சி.

2. ஒரே ஒரு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ்

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்கு வரும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சங்கம் முதன்முதலில் வாங்கிய கணினிக்கு அப்போதைய தலைவர் காமாட்சி என்று பெயர் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு ஆரம்பித்தாராம். அந்த வருஷம் வியாபாரம் நன்றாக ஓடியது. அதன்பின் எத்தனை கணினி வாங்கினாலும், அந்த முதல் கணினியின் ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துப் போடச் சொன்னார்கள். ராசியும் சேர்ந்து நகலாகிவிடும் என்று கணக்கு. மெயின் ஆபீஸ், ஷோரூம், சாயச்சாலை, ஜரிகை கோடவுன், ஓரிக்கை கிளை, தாமல் கிளை, எல்லா இடத்திலும் காமாட்சிதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாள்.

தினமும் காலையில் கணினியைப் போட்டால், 'இதே பெயரில் நெட்வொர்க்கில் வேறொரு கணினி இருக்கிறது' என்று ஒரு மெசேஜ் வரும். இது என்ன என்று ஷோரூம் பில்லிங்கில் இருக்கும் கோமதியைக் கேட்டேன். "அது டெய்லி வரும் மேடம். குட்மார்னிங் மாதிரி. ஓகே குடுத்தா போயிடும்" என்றாள்.

முதல் காமாட்சிக்கு வயதாகி வேலை செய்ய முடியாமல் போனதும், பழைய சாமானோடு தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. மெயின் ஆபீஸ் பூஜை மூலையில், சாமி படத்துக்குக் கீழே வைத்து மாலை போட்டுவிட்டார்கள். காலையில் தேவாரம் பாடுவதுதான் அவளுடைய வேலை. கணினிகளைக் கணக்கெடுத்தபோது நான் அதைச் சேர்க்கவில்லை. பாட்டுப் பெட்டிக்கு எதற்கு ஆன்ட்டிவைரஸ் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பக்கத்து ஊர் முசரவாக்கம். எங்கள் தாத்தா காலத்தில் கூலி வேலை, அப்பா ரயில்வேயில் கலாசி, ஞாயிறானால் சர்ச். சங்கத்தில் எல்லாரும் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பூஜை மூலைக்கு நான் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. அது எனக்கு உறுத்தியது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமா அது? பிரசாதம் என் மேஜைக்கே வந்துவிடும்.

ஆன்ட்டிவைரஸ் வாங்கியதும் சர்வரில் இருந்தே எல்லாக் கணினிக்கும் தள்ளிவிட்டேன். ஒவ்வொன்றாகப் போய் சிடி போடும் காலம் போய்விட்டது. நெட்வொர்க்கில் இருக்கும் எல்லா முகவரியையும் கொடுத்தால் அதுவே தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். மதியத்துக்குள் வேலை முடிந்தது. பெருமையாகக் கன்சோலைத் திறந்தால், 'மொத்தக் கணினிகள்: 1' என்றது.

ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் சப்போர்ட் நம்பருக்குப் போன் போட்டேன்.

"செக் பண்ணிட்டேன் மேடம். உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு சிஸ்டம்தான் இருக்கு" என்றான் ஒரு பையன்.

"தம்பி, என் கண்ணு முன்னாடியே அஞ்சு இருக்குதுப்பா."

"இல்ல மேடம், ஒண்ணுதான். பேரு காமாட்சி."

பேசிப் பேசிக் கடைசியில் புரிந்தது. ஒரே டிஸ்க்கின் நகல் என்பதால் எல்லாவற்றுக்கும் பெயரும் ஒன்று, உள்ளே இருக்கும் அடையாள எண்ணும் ஒன்று. எந்தக் காமாட்சி கடைசியாகக் குரல் கொடுத்தாளோ அவள்தான் அந்த நிமிஷத்துக் காமாட்சி. அடுத்த நிமிஷம் இன்னொருத்தி அந்த இடத்தில் வந்து நிற்பாள். தனித்தனிப் பெயரும் எண்ணும் கொடுத்தால்தான் சரியாகும்.

மேனேஜரிடம் போனேன். மேனேஜர் ஜம்புலிங்கம் நல்ல மனிதர்தான். எந்தக் காரியத்தையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், செய்யவும் விட மாட்டார்.

"பேர மாத்தறதா? அம்மன் பேர எடுத்துட்டு இன்னா வெப்பே? பிசி ஒண்ணு, பிசி ரெண்டுன்னா? நல்லாவா இருக்குது?"

"சார், எந்த சிஸ்டத்துக்கு வைரஸ் வந்தாலும் எனக்குத் தெரியாது சார்."

"அதான் காமாட்சிக்குன்னு சொல்லுதே."

"எந்தக் காமாட்சி சார்?"

"போர்டு மீட்டிங்ல வெச்சிக்கலாம் மா" என்றார். சங்கத்தில் ஒரு விஷயத்துக்குச் சமாதி கட்ட வேண்டுமானால் போர்டு மீட்டிங்கில் வைப்பார்கள்.

3. அமாவாசை ஸ்கேன்

சரி, பெயர் கிடக்கட்டும், வைரஸையாவது பிடிப்போம் என்று இறங்கினேன். வைரஸ் எல்லாம் பென் டிரைவில்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் ஆபீஸ் கணினியில் யாரும் பென் டிரைவ் சொருகக் கூடாது, டிசைன் கொடுக்க வாங்க என் மேஜைக்குத்தான் வர வேண்டும் என்று மேனேஜர் கையெழுத்தில் ஒரு சர்க்குலர் வாங்கிச் சுற்றுக்கு விட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் இரண்டு இடத்தில் போட்டார்.

அடுத்தது ஃபுல் ஸ்கேன். பகலில் ஓடவிட்டால் பழைய கணினிகள் மூச்சுத் திணறும். பில் போடும் நேரத்தில் ஓடியதால் ஒருமுறை கோமதி என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். ஆகையால் ஒரு யோசனை செய்தேன். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. சங்கத்துக்கும் லீவு. காலையில் ஒரு பூஜை, அதோடு சரி. அன்றைக்கு ஸ்கேன் போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஆன்ட்டிவைரஸில் தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்றெல்லாம் இருந்தது. அமாவாசை இல்லை. நாட்காட்டியைப் பார்த்து ஒவ்வொரு மாதத்துக்கும் நானே தேதி போட்டேன். அதைவிடப் பெரிய பாடு, அன்றைக்குக் கணினிகளை அணைக்காமல் விட மேனேஜரைச் சம்மதிக்க வைத்தது.

"அமாவாசைல மெஷின் ஓடலாமா மா? தறியே நிக்குது."

"தறி ஓடல சார். சும்மா உள்ளுக்குள்ள பாத்துக்கினு இருக்கும். அவ்ளோதான்."

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "சிபியூ ஓடட்டும். மானிட்டர அணைச்சுத் துணி போட்டு மூடிடு. கண்ணுக்குத் தெரியாம ஓடினா பரவால்ல."

அப்படியே செய்தேன். அந்த அமாவாசை அன்று நான் மட்டும் வந்து மாடியில் சர்வர் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கீழே பூஜை நடந்தது. வழக்கத்துக்கு மாறாகத் தேவாரம் இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று நின்று பாடியது. ஸ்பீக்கர் போய்விட்டது போலிருக்கிறது, யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் ஸ்கேன்தான் முக்கியம்.

4. எந்தக் காமாட்சி

இப்போது மறுநாள் காலைக்கு வருவோம். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஃபைல் ஏதோ ஒரு காமாட்சியின் குவாரன்டைனில் இருக்கிறது. இன்னொரு வில்லங்கமும் கண்ணில் பட்டது. குவாரன்டைனில் போட்டதை மறுநாள் சாயங்காலம் மொத்தமாக அழித்துவிடும்படி செட்டிங் இருந்தது. ஆன்ட்டிவைரஸ் கம்பெனி வைத்து அனுப்பியதே அப்படித்தான். கன்சோலில் அதை மாற்றிப் பார்த்தேன். 'காமாட்சிக்கு அனுப்பப்பட்டது' என்றது. எந்தக் காமாட்சி கேட்டுக்கொண்டாள் என்று யாருக்குத் தெரியும்?

"மாஸ்டர், நேத்து இந்த பென் டிரைவ எந்த கம்ப்யூட்டர்ல போட்டீங்க? நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். சர்க்குலர விடுங்க."

"எந்த கம்ப்யூட்டர்லயும் போடலம்மா. ஏகாம்பரநாதர் மேல சத்தியமா. நான் கையெழுத்து போட்டிருக்கேனே."

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். அன்றைக்குச் சிவக்கவில்லை.

கன்சோலில் இருந்தே 'திருப்பிக் கொடு' என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் ஷோரூமில் இருந்து கோமதி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம்! என் சீட்டாட்டம் திரும்பி வந்துடுச்சு மேடம்! தேங்க்ஸ் மேடம்!"

மறுபடி அழுத்தினேன். ஜரிகை கோடவுனில் யாரோ எப்போதோ இறக்கிய ஒரு சினிமாப் படம் உயிரோடு எழுந்து வந்தது. மூன்றாவது முறை அழுத்தப் பயமாக இருந்தது. வைரஸையே எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவேன் போலிருந்தது.

வேறு வழியில்லை. மாஸ்டரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காமாட்சி காமாட்சியாகக் கிளம்பினேன். ஷோரூமில் கல்யாணக் கூட்டம். கவுண்டருக்கு அடியில் தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சீட்டாட்டத்தை மறுபடி அழித்தபோது கோமதி என் முகத்தையே பார்க்கவில்லை. சாயச்சாலையில் கீபோர்டு முழுக்க அரக்கு நிறம், எந்த எழுத்து எது என்று தெரியவில்லை. ஓரிக்கை போனோம். தாமல் கிளையில் கணினி மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. சூடாக இருக்கிறதாம். அதை எழுப்பினால் பிறாண்டும் என்று கிளை ஆள் தள்ளி நின்றான். பூனையை நான்தான் தூக்கினேன்.

போகும் வழியெல்லாம் சரோஜா போன் செய்தபடி இருந்தார். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். ஸ்கூட்டரில் போகும்போது என் காதுக்குப் பின்னால் அந்தக் குரல்.

"இப்ப எங்க இருக்குறீங்க?"

"தாமல் ஏரிக்கரை."

"ஏரிக்கரைல இன்னா வேல? காத்து வாங்கவா?"

எல்லாக் காமாட்சியையும் பார்த்து முடித்தாகிவிட்டது. எதிலும் இல்லை. திரும்பி வரும்போது மாஸ்டர் பின்னால் இருந்து மெல்லச் சொன்னார். "பரவால்லம்மா. வேற ஏதாவது பழைய முந்தி போட்டு முடிச்சிடறேன். நீ இம்மா தூரம் அலைஞ்சியே."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

5. அது கம்ப்யூட்டர் இல்லை

ஆபீஸுக்கு வந்தபோது சாயங்காலப் பூஜை நேரம். நான் பூஜை மூலைக்கு எட்டத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, மாலையை ஒதுக்கி, முதல் காமாட்சியில் சொருகினார்.

நான் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

"சார்! இன்னா பண்றீங்க?"

"புது ஸ்டாக் கணக்கு மா. நல்ல நேரமா பாத்து ஆரம்பிக்கலாம்னு. ஒரு தரம் வெச்சு எடுத்துக்கறேன்."

"பென் டிரைவ் போடக் கூடாதுன்னு நீங்கதான சார் சர்க்குலர் போட்டீங்க!"

"அது கம்ப்யூட்டருக்கு மா" என்றார் மேனேஜர், குழந்தைக்குச் சொல்வது போல. "இது அம்மன்."

நான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ரொம்ப சாதாரணமாகத் தலையாட்டினார்.

"ஆமாம்மா. எந்தப் புது டிசைனா இருந்தாலும் தறிக்குப் போறதுக்கு முன்ன இங்க வெச்சு எடுத்தாத்தான் தடங்கல் இல்லாம ஓடும். முந்தி ஆரம்பிக்கணும்னு நேத்து பூஜைல நான்கூட வெச்சு எடுத்தேன்."

"அத ஏன் மாஸ்டர் காலைலயே சொல்லல?"

"நீ எந்த கம்ப்யூட்டர்ல போட்டேன்னுதானம்மா கேட்டே."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சங்கத்தில் உள்ள அத்தனை பென் டிரைவும், தறிக்குப் போகும் அத்தனை டிசைனும், வருஷக்கணக்காக அந்த ஒரு துளையில் நுழைந்து வந்திருக்கின்றன. எந்த வீட்டில் வைரஸ் வந்தாலும் அம்மனிடம் வந்து, அங்கிருந்து மற்றவர்களுக்கு ஆசீர்வாதத்தோடு போயிருக்கிறது. நான் ஊரெல்லாம் தேடிய ஊற்றுக்கண் எனக்குக் கூப்பிடு தூரத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தது.

"இதுல நெட் இருக்குதா?"

"பாட்டு எல்லாம் இப்ப நெட்லதான மா வருது" என்றார் மேனேஜர். "போன வருசமே கேபிள் இழுத்துட்டோம்."

அப்படியானால் நான் சர்வரில் இருந்து தள்ளிய ஆன்ட்டிவைரஸ் இதற்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. முந்தின நாள் பாட்டு இழுத்தது ஸ்பீக்கர் கோளாறு இல்லை, என்னுடைய ஸ்கேன். சிவகாமி இங்கேதான் இருக்கிறாள். மணியைப் பார்த்தேன். அழிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. எழுந்து ஓடியவள், பூஜை மூலைக்கு ஓரடி முன்னால் என்னை அறியாமல் நின்றுவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் கால்களைப் பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் பார்த்துவிட்டார். சாமி படத்துக்கு முன்னால் போட்டிருந்த பலகையை எடுத்து, முதல் காமாட்சிக்கு எதிரில் போட்டார்.

"வாம்மா. உக்காரு. நீதான பாக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கீபோர்டில் விபூதி, மவுஸுக்கு அடியில் காய்ந்த பூ. மவுஸை நகர்த்தவே பாடுபட வேண்டியிருந்தது. குவாரன்டைனைத் திறந்தால் உள்ளே ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது. அந்தக் கூட்டத்தில் சிவகாமி இருந்தாள்.

முதலில் அழிக்கும் செட்டிங்கை நிறுத்தினேன். ஆன்ட்டிவைரஸை அப்டேட் செய்தேன். ஒட்டியிருந்த வைரஸை மட்டும் உரித்து எடுத்தேன். அந்தக் கிழட்டு மெஷினில் அது நகர்ந்த வேகத்துக்கு நானும் பிரார்த்தனை செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த சாமியை என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் எதிரில் இருந்தவரையும் சேர்த்துத்தான். பிறகு மாஸ்டரின் பென் டிரைவைச் சொருகி, 'திருப்பிக் கொடு' என்று அழுத்தினேன்.

டிசைன் திறந்தது. இரண்டு யாளிகளுக்கு நடுவில் ஒரு கொடி. அந்தக் கொடியில் ஒரு பூவைப் போல் இன்னொரு பூ இல்லை. ஒரு வருஷம் ஆனதில் ஆச்சரியமே இல்லை. மாஸ்டர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் ஸ்பீக்கர்தான்.

"சரோஜா, கெடச்சிடுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, "அந்த எஸ்தரம்மாவ சாப்ட்டு போகச் சொல்லு. காலைலேர்ந்து அலைய வுட்டுட்டு. உனக்கு அறிவு இருக்குதா?"

6. பேக்கப்

அடுத்த வாரமே பெயர் மாற்ற அனுமதி கிடைத்தது. போர்டு மீட்டிங் தேவைப்படவில்லை. ஆனாலும் அம்மன் பெயரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. காமாட்சி ஒன்று, காமாட்சி இரண்டு என்று எண் போடுவதாக முடிவாயிற்று. ஒன்று யாருக்கு என்பதில் சண்டையே இல்லை, பூஜை மூலைக்குத்தான். எட்டாம் எண்ணை யாரும் ஏற்கவில்லை. கடைசியில் தாமல் கிளைக்குத் தள்ளினோம். பூனைக்கு ஆட்சேபணை இல்லை.

சர்க்குலரை நானே கிழித்துப் போட்டேன். அதற்குப் பதில் முதல் காமாட்சிக்குப் புது சிபியூ வாங்கி வைத்து, ஆன்ட்டிவைரஸை ஒழுங்காகப் போட்டு, எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் உடனே சுத்தம் செய்து அனுப்பும்படி செய்தேன். மற்ற கணினிகளில் பென் டிரைவ் துளையையே மூடிவிட்டேன். எல்லாரும் எப்போதும் போல அம்மனிடம் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய பெரிய ஐடி கம்பெனிகள் ஆட்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தும் கொண்டுவர முடியாத ஒழுங்கு எங்கள் சங்கத்தில் தானாகவே இருந்தது. இடம்தான் அசுத்தமாக இருந்திருக்கிறது. அதன்பின் தறி வீடுகளில் 'பென் டிரைவ் காலி' என்று புகாரே வரவில்லை. எல்லாம் அம்மன் அருள் என்றார் மேனேஜர். நான் மறுக்கவில்லை, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டது அவர்தானே.

சிவகாமி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அரக்குப் புடவை, மயில் கழுத்து முந்தி. முந்தி வெளியே தெரிய வேண்டும் என்று சரோஜா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணமேடை ஏறிப் போய்ச் சரிசெய்துகொண்டிருந்தார். வீடியோக்காரர் எரிச்சலாகி ஏதோ சொன்னார். சரோஜா பதிலுக்குச் சொன்னது நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார். கையில் அதே பென் டிரைவ், மஞ்சள் கயிற்றோடு.

"எஸ்தர் மா, இத அழிச்சிடு."

"எத?"

"சிவகாமி டிசைன. நான் அழிச்சா எங்கியாச்சும் கெடந்து திரும்பி வந்துடும்னு சொல்வியே. வராத மாதிரி அழிச்சிடு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "மாஸ்டர், இதுக்காக நான் பூனகிட்ட பிறாண்டு வாங்கியிருக்கேன். ஒரு வருசம் வரஞ்சீங்க. பேக்கப் இல்லாம எதையும் அழிக்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"பேக்கப் இருக்குதேம்மா. கட்டிக்கினு மாமியார் வூட்டுக்குப் போயிருக்குது."

முதல் காமாட்சியிடம் போனோம். இந்தத் தடவை என் கால் நிற்கவில்லை. பலகை அங்கேயே கிடந்தது. நான் உட்கார்ந்து சொருகினேன். மாஸ்டர் பக்கத்தில் கை கூப்பி நின்றார். மீட்கவே முடியாதபடி அழிக்கும் முறை ஒன்று உண்டு, அதன் மேலேயே திரும்பத் திரும்ப வேறெதையாவது எழுதுவது. அதைப் போட்டேன். அது முடியும்வரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நெஜமாவே போயிடுச்சா?"

"போயிடுச்சு மாஸ்டர்."

"சரிம்மா" என்று மஞ்சள் கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு, பென் டிரைவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பென் டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதில் எதையும் போட மனம் வரவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கேட்டால் மூன்று விஷயம் சொல்வேன். ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் வையுங்கள். 'எந்தக் கம்ப்யூட்டரில் போட்டீங்க' என்று கேட்காதீர்கள், 'எங்கே போட்டீங்க' என்று கேளுங்கள். பேக்கப் இல்லாமல் எதையும் அழிக்காதீர்கள். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் மேடம் சிரிக்கிறீங்க என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.